இடது பக்கச் செங்கல்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி ஊருக்கு அவர் கிளட்ச். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்! கிளட்ச்சை மிதிம்மா! அதை மிதிக்காம கியரைத் தொட்டா அது அழுவுது பாரு, காதுல விழலையா?" என்று போடுகிற சத்தம் தெருமுனை தாண்டிக் கேட்கும். டாக்டராக இருந்தாலும் சரி, வக்கீலாக இருந்தாலும் சரி, திட்டு ஒன்றுதான். ஊரில் கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் திட்டு வாங்கினவர்கள். அதைப் பட்டம் வாங்கினதுபோல் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இறக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு வலிப்பு வந்தது. விறைத்த கால் பிரேக்கில் விழுந்திருந்தால் வண்டி நின்றிருக்கும். விழுந்தது கிளட்ச்சில். பிடிப்பு விட்ட வண்டி தன் போக்கில் உருண்டு போய் ஒரு மதில்சுவரில் முட்டியது. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சுவரை ஒட்டித் தினமும் ஒருவர் தள்ளுவண்டியில் பழம் விற்பார். அன்றைக்கு அவர் வரவில்லை. வராத அந்தப் பழக்காரர்தான் கிளட்ச்சின் மனைவிக்குக் கண்ணை மூடினால் வந்து நிற்கிறார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில், கையில் தராசோடு.

இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை ஆயுசு முழுக்க. பயிற்சிப் பள்ளியின் போர்டைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பூட்டிக்கொண்டார்கள். மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள். சுறுசுறுப்பானவள், ஆட்களைச் சிரிக்க வைத்தே பயத்தைப் போக்கி நாற்காலிக்கு அனுப்புவாள். அந்த வேலையை விட்டாள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினாள். வெங்காயம் வாங்கப் போனால் அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் முடிவெட்டப் போனால் இவள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகை புரட்டினாள். இரவில் அவர் புரண்டு படுத்தால் இவள் எழுந்து உட்கார்ந்தாள். ஒருவர் கைதி, ஒருவர் காவல் என்று சொல்லலாம். யார் எது என்பதில்தான் குழப்பம்.

வலிப்பு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. "அது" என்பார்கள். அது வந்தா, அது வந்தப்போ. பழைய மாணவர்கள் தெருவில் போகும்போது ஹாரன் அடித்து, "சார், எங்க போகணும், ஏறுங்க" என்பார்கள். ஏறினால் அவர் கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்கும். இரண்டு தடவை அப்படிப் போய்விட்டு வந்து, மூன்றாவது தடவை கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஒரு வேலையும் இல்லை.

வீட்டை ஒட்டி ஒரு பக்கத்தில் நீளவாக்கில் காலி இடம் இருந்தது. அங்கே தார்ப்பாய் மூடி ஒரு பழைய கார் கிடந்தது. அவர் முதன்முதலில் பாடம் நடத்திய வண்டி. இரண்டு பக்கமும் பெடல் உண்டு, பக்கக் கண்ணாடி என்ற ஒன்று கிடையாது. தலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டவன்தான் டிரைவர் என்பார். ஓடி எத்தனையோ வருடமாயிற்று. எலி ஒரு குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலைத் தேநீரை வைத்துவிட்டு, "ஷெட் ஒண்ணு போடப் போறேன்" என்றார்.

"எதுக்கு?"

"வண்டிக்கு. அதுலயே ஒரு சின்னப் பட்டறை. உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சு ரெடி பண்ணப் போறேன்."

"ரெடி பண்ணி?"

"பண்ணிட்டுப் பாப்போம்."

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க? ரெடி பண்ணி?"

அவர் கப்பை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கழுவின முதல் கப் அது. 

வேண்டாம் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. மனுஷன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து உட்கார்ந்து பாதியாகிவிட்டார். கையில் ஸ்பேனர் இருந்தால் கொஞ்சம் உயிர் வரும். ஆனால் வண்டி ஓடும் நிலைக்கு வருகிற நாளில் அவர் ஓட்டிப் பார்ப்பார். தெருவில் இறங்குவார். அந்தப் பழக்காரர் நிற்பார். இதை அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய தம்பி கட்டட மேஸ்திரி. பேப்பரும் பென்சிலுமாக வந்தான். கிளட்ச் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"பேப்பர்ல போட்டா எறும்புக்குத்தான் ஷெட் கட்டலாம், மச்சான். தரையில போடு."

அதுதான் அவர் வழக்கம். பாடம் நடத்தும்போது காலி மனையில் செங்கல்லை நிறுத்தி வைத்து, இது கேட்டு, இது மரம், இது உன் மாமியார் வீட்டு வாசல் என்பார். பின்பக்கமாக அதற்குள் வண்டியை நுழைக்க வேண்டும். செங்கல்லைத் தள்ளினவன் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். இப்போது அதே செங்கற்களைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஒவ்வொன்றாக வைத்தார். வைத்தது நின்றால் சுவர், படுத்தால் மேஜை.

"மேஜை இங்க. இடுப்பு உயரம். குனிஞ்சு வேலை பார்த்தா முதுகு போயிடும். ஜன்னல் இடது கைப் பக்கம் வரணும். வலது பக்கம் வெளிச்சம் வந்தா கை நிழல் போல்ட் மேல விழுவும்."

"சரி மாமா."

"தரை வாசல் பக்கம் சரிவா இருக்கணும். எண்ணெய் சிந்தினா கழுவி விட்டா போயிடணும். ஆனா ரொம்பச் சரிவு வேணாம், வண்டி தானா உருளும்."

உருளும் என்று காதில் விழுந்ததும் மேஸ்திரி குனிந்து ஒரு செங்கல்லைச் சரிசெய்தான்.

"புகை போக இந்த உயரத்துல சுவர்ல ஒரு ஓட்டை விடு. குழாய் சொருகிக்கலாம். அப்புறம் நடுவுல ஒரு குழி. ஆள் இறங்கி நின்னு வண்டிக்கு அடியில பார்க்கற மாதிரி."

"குழி வேணாம்" என்றாள் மனைவி. அதுவரை வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"குழி இல்லாத ஷெட்டு என்ன ஷெட்டு?"

"வேணாம்னா வேணாம்."

"ஏன்?"

ஏன் என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். வெங்காயத்துக்குக்கூடத் தெரியும்.

"மழைத்தண்ணி நிக்கும் மாமா" என்று மேஸ்திரி இடையில் புகுந்தான். "இந்த மண்ணு அப்படி. குழி தோண்டினா கொசு வளர்க்கத்தான் ஆகும். ரெண்டு சாய்வுப் பலகை பண்ணித் தர்றேன், முன் சக்கரத்தை ஏத்திக்கங்க."

"மழைத்தண்ணி" என்று கிளட்ச் திருப்பிச் சொன்னார். "சரி. மழைத்தண்ணின்னே வெச்சுக்குவோம்."

"மேஜை முனையெல்லாம் உருட்டி விட்ரு" என்றாள் அவள் தம்பியிடம்.

"அது எதுக்குக்கா?"

"போக வர இடுப்புல இடிக்கும்ல."

இப்படித்தான் அந்த ஷெட் உருவானது. கூர் இல்லாத மேஜை, தாழ்ப்பாள் இல்லாத கதவு, தலைக்கு மேல் கனமாக எதுவும் வைக்காத அலமாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் கேட். தெருப் பக்கம் தகரம் வைத்து அடைத்திருந்த இடம். வலது பக்கம் வீட்டுச் சுவர், அது நகராது. இடது பக்கம்தான் புதிதாகத் தூண் எழும்ப வேண்டும். கிளட்ச் தார்ப்பாயை விலக்கி, வண்டியின் ஒரு பக்கக் கதவுக் கைப்பிடியிலிருந்து மறுபக்கக் கைப்பிடி வரை குறுக்கே கயிறு பிடித்தார். அதோடு பக்கத்துக்கு ஒரு சாண் சேர்த்தார். செங்கல்லை வைத்து, தள்ளி நின்று பார்த்து, சுண்டுவிரல் அளவு நகர்த்தி வைத்தார்.

"ஒரு சாண் பத்துமா மாமா? தாராளமா விடுவோமே."

"பக்கத்துக்கு ஒரு சாணுக்கு மேல இடம் கேக்கறவன் வண்டியே ஓட்டக்கூடாது" என்றார் பழைய குரலில்.

சொன்ன பிறகுதான் மூன்று பேர் காதிலும் அது விழுந்தது. மேஸ்திரி சட்டையை உதறிக்கொண்டு, நாளைக் காலையில் வந்து தோண்டிவிடுவதாகச் சொல்லிப் போனான்.

மத்தியானம் மாத்திரை போட்டால் அவர் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். அவள் வெளியே வந்தாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. அந்த இடது பக்கச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செங்கல்லின் நீளமும் ஒரு சாண்தான். குனிந்து, அதைச் சரியாக அதன் நீளத்துக்கு உள்பக்கமாக நகர்த்தினாள். பழைய இடத்தில் பதிந்திருந்த தடத்தைக் காலால் அழித்தாள். வெயிலில் செங்கல் கொதித்துக் கிடந்தது, விரல் சுட்டது. வேலை அவ்வளவுதான். ஆனால் வாழ்க்கையில் அவரிடம் மறைத்து அவள் செய்த பெரிய காரியம் அதுதான்.

சாயந்திரம் அவர் எழுந்து ஷெட் இடத்துக்குப் போனார். அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, இடது பக்கச் செங்கல்லுக்கு நேரே உட்கார்ந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் குனிந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. போச்சு, கண்டுபிடித்துவிட்டார், இப்போது கத்தப்போகிறார் என்று அவள் அடுப்பை அணைத்தாள். அவர் கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்து, "தேநீர் இருக்கா?" என்றார். அவ்வளவுதான்.

காலையில் மேஸ்திரி கடப்பாரையோடு வந்து செங்கல்லைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"என்னக்கா, ரொம்ப உள்ள வந்துடுச்சே? நேத்து இப்படியா இருந்துச்சு?"

அவளும் பார்த்தாள். அவளுக்கே திக்கென்றது. ஒரு செங்கல் அளவுதானே நகர்த்தினேன், இவ்வளவா தெரியும்? குற்றமுள்ள மனசுக்கு எல்லாம் பெரிதாகத்தான் தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"உங்க மாமா வெச்சதுதான். செங்கல் இருக்கற எடத்துல தோண்டு."

"அக்கா..."

"தோண்டுடா."

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கடப்பாரையை இறக்கினான்.

அஸ்திவாரம் போட்டு, தூண் எழும்பி, ஒரு வாரம் விடாமல் தண்ணீர் அடித்தார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கலந்து வைத்த சிமென்டைத் தார்ப்பாயால் மூடிவிட்டு மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்து, வேகவைத்த முட்டையில் மிளகுத்தூள் போட்டுத் தின்றார்கள். கிளட்ச் டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டியில் இன்ஜின்கூட முழுசாக இல்லை. ஆனாலும் அவள் அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரும் ஸ்டியரிங்கைத் தொடாமல் முட்டையை மட்டும் உரித்துக்கொண்டிருந்தார்.

தூணுக்குப் பூச்சு முடிந்த அன்று அவர் அதைத் தடவிப் பார்த்தார். "பூச்சு நல்லா வந்திருக்கு மச்சான்" என்றார். அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதுதான் அவளை உலுக்கிவிட்டது. அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஓடுகிற வண்டியிலிருந்தே தூரத்துக் கேட்டைப் பார்த்து, இதில் இந்த வண்டி போகும், அந்த வண்டி போகாது என்று சொன்ன கண். அந்தக் கண்ணை மாத்திரை தின்றுவிட்டது என்று நினைத்தாள். தன் கண்முன்னே நிற்கிற தூணின் கோளாறு தெரியாத அளவுக்கு ஆகிவிட்டாரே என்று, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அப்புறம் மாதக்கணக்கில் வேலை நடந்தது. பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பென்சிலால் வரைந்து, அதற்கு மேல் ஆணி அடித்து மாட்டினார். எடுத்தது திரும்பி வராவிட்டால் காலி உருவம் காட்டிக்கொடுத்துவிடும். கவிழ்த்த பெயிண்ட் டப்பாவில் அவள் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். வேறு போக்கிடம் இல்லை. "பன்னெண்டு" என்றால் பன்னிரண்டைக் கொடுக்கப் பழகினாள். பல் டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டு, உன் இடத்துக்கு வந்த பெண் நோயாளிகளைப் பயமுறுத்துகிறாள், எப்போது வருகிறாய் என்று கேட்டார். பார்க்கலாம் என்றாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்ச் சாவி அவளிடம் இருந்தது. முதலில் முந்தானையில் முடிந்து வைத்தாள். பிறகு சர்க்கரை டப்பாவுக்குள் வைத்தாள். ஒரு நாள் டப்பாவின் மூடி சரியாக மூடாமல் இருந்தது. துணி அலமாரிக்கு மாற்றினாள். மறுவாரம் அங்கே புடவை மடிப்பு கலைந்திருந்தது. தையல் மிஷின் பெட்டி, தலையணை உறை, பழைய செருப்பு என்று சாவி வீடு முழுக்கச் சுற்றி வந்தது. அவர் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சாப்பாட்டில் உப்பு போதுமா என்பதைத் தவிர இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சாவியைக் கொடு."

"எதுக்கு?"

"ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கணும்."

செருப்புக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். தூண் இருக்கிறது என்ற தைரியம். ஆனாலும் ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து, சொல்லிக்கொடுப்பவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலடியில் இரண்டு பெடல்.

"இதுல எதுங்க பிரேக்?"

"வலது."

வலதில் காலை வைத்தாள். அவர் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க அதிர்ந்தது, பலகையில் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அவர் முகத்தில் வந்த சிரிப்பை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. 

கியர் விழுந்தது. வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்தது. கேட் திறந்திருந்தது. வெளியே தெரு, வெயில், யாரோ சைக்கிளில் போனார்கள். அவள் பிரேக்கை மிதித்தாள். அதே நேரத்தில் அவரும் மிதித்தார். தூணுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

இன்ஜினை அணைத்தார். சத்தம் போன பிறகு ஷெட் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

"செங்கல்லை நகர்த்தினது நீதானே?"

 மறுப்பதில் அர்த்தமில்லை.

"ஆமா. எனக்கு வேற வழி தெரியலைங்க. அந்தப் பழக்காரர் கண்ணுக்குள்ளயே நிக்கறாரு. திட்டணும்னா திட்டுங்க."

"எவ்வளவு நகர்த்தின?"

"ஒரு செங்கல்."

"ஒரு செங்கல்லு. அப்பறமும் ஒரு சாண் மிச்சம் இருக்குமே" என்றார் தூணைப் பார்த்துக்கொண்டு. "ஒரு சாண் இருந்தா நான் பாட்டுப் பாடிக்கிட்டே எடுத்துட்டுப் போயிடுவேன். அது உனக்குத் தெரியல. நீ கத்துக்கிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"இப்ப எடுங்க பாப்போம்."

"இப்ப வராது. பூச்சோட சேர்த்து ஒரு விரல் குறையுது."

"அதெப்படி? நான் ஒண்ணுதானே..."

பாதியில் நிறுத்திவிட்டாள். கவிழ்த்த பெயிண்ட் டப்பா, குனிந்த முதுகு, கையைத் தட்டிக்கொண்டு வந்து தேநீர் கேட்டது எல்லாம் வரிசையாக வந்தன.

"மீதி சாண் நான் நகர்த்தினது" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. வெளியே மறுபடியும் ஒரு சைக்கிள் போனது. எத்தனை மாதம் ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடந்தார்களோ, அத்தனை மாதத்தின் கோபமும் அவளுக்கு ஒன்றாக வந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? செருப்புக்குள்ள, தலகாணிக்குள்ளன்னு பைத்தியக்காரி மாதிரி இந்தச் சாவியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேனே! உங்க கண்ணே போயிடுச்சுன்னு அழுதேன் நான். தெரியுமா உங்களுக்கு?"

"குழாயைத் திறந்து விட்டுட்டு அழுத. தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சொல்லியிருந்தா நீ சாவியை ஆணியில மாட்டியிருப்ப."

"மாட்டினா என்ன?"

அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ ஒளிச்சு வெக்கற வரைக்கும் நான் வண்டி எடுத்துடுவேன்னு ஒருத்தி பயப்படறா. நான் இன்னும் டிரைவர்தான். அது ஆணியில சும்மா தொங்கினா என்னால பாக்க முடியாதும்மா."

அவள் அழவில்லை. அழுதால் அவரும் அழுவார் என்று பயந்தாள். "பின்னாடி எடுங்க. வெயில் உள்ள அடிக்குது" என்றாள். அவர் தலையைத் திருப்பிப் பார்த்து, வண்டியைச் சுவருக்கு ஒரு சாண் விட்டு அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

மறுவாரம் அவள் பல் டாக்டரிடம் வேலைக்குக் கிளம்பினாள். மதியம் எட்டிப்பார்க்கத் தம்பியிடம் சொல்லியிருந்தாள். மேஜையின் உருட்டின முனைகளை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தத் தூணைக் கடந்து வெளியே வந்தாள். ஆள் போக இடம் தாராளமாக இருந்தது.

பின்னால் அவர் குரல் கேட்டது. உள்ளே சர்க்கரை டப்பா, தையல் பெட்டி எல்லாம் உருட்டுகிற சத்தத்தோடு.

"ஏம்மா! சாவியை எங்க வெச்சுத் தொலைச்ச?"

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"தேடுங்க" என்றாள்.